ஒன்பதாவதாக வந்தவருக்குத் தங்கம்: பென் எயின்ஸ்லியின் வழியே பாய்மரப் படகுப் பந்தயம் ஓர் அறிமுகம்

2012 ஆகஸ்டு 5 அன்று இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள வேமத் விரிகுடாவில், லண்டன் ஒலிம்பிக்கின் ஃபின் வகைப் படகுகளுக்கான இறுதிப் பந்தயம் நடந்தது. நோத் கோட்டைக்குக் கீழேயுள்ள புல்மேட்டில் ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தார்கள். கடலில் பத்தே படகுகள். படகுக்கு ஓர் ஆள். பிரான்ஸின் ஜொனாதன் லோபேர் முதலில் எல்லைக் கோட்டைத் தொட்டார். ஆனால் கரையின் ஆரவாரம் அவருக்காக எழவில்லை. பின்னர், ஒன்பதாவதாக வந்துசேர்ந்த பிரிட்டிஷ் வீரர் பென் எயின்ஸ்லி கோட்டைக் கடந்தபோதுதான் மேடே அதிர்ந்தது. தங்கப் பதக்கம் அவருக்கு. அவருக்குப் பின்னால் கடைசியாக வந்த டென்மார்க்கின் யோனாஸ் ஹோக்-கிறிஸ்டென்சனுக்கு வெள்ளி. முதலில் வந்த லோபேருக்கு வெண்கலம்.

ஓட்டப்பந்தயத்தையும் நீச்சலையும் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது தலைகீழாகத்தான் தெரியும். முதலில் வந்தவர் மூன்றாம் இடத்திலும், கடைசி இருவர் முதலிரண்டு இடங்களிலும் நிற்பது எப்படி நியாயமாகும் என்ற கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், பாய்மரப் படகுப் பந்தயத்தின் பாதி புரிந்துவிடும். காற்று, கடல், கணக்கு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் இந்த விளையாட்டு. காற்றும் கடலும் பார்க்கிறவர் எவருக்கும் தெரியும். கணக்கு மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். 1996 முதல் 2012 வரை ஐந்து ஒலிம்பிக்குகளில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்று, ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டி வரலாற்றிலேயே மிக அதிகமாகச் சாதித்தவரான எயின்ஸ்லியின் விளையாட்டு வாழ்க்கையை எடுத்துக்கொண்டால் இந்த மூன்றையும் ஒருசேர விளக்கிவிடலாம். அவர் பெற்ற ஒவ்வொரு பதக்கத்துக்குப் பின்னாலும் விதி ஒன்றும் கணக்கு ஒன்றும் ஒளிந்திருக்கின்றன.

முதலில் படகு எப்படி நகர்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது பாயை விரித்துவைத்தால் படகு முன்னே தள்ளப்படும் என்பதைக் காகிதக் கப்பல் விட்ட குழந்தையும் அறியும். காற்று வரும் திசையை நோக்கியே போகவேண்டியிருந்தால் என்ன செய்வது? நேராக அதன் முகத்தில் போக எந்தப் பாய்மரப் படகாலும் முடியாது. பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், படகு நின்றுவிடும். ஆனால் காற்றின் திசைக்கு ஏறக்குறைய 45 பாகை விலகிச் சென்றால் பாய் பறவையின் இறக்கைபோல வளைந்து விறைத்து நிற்கும். அதன் இரு பக்கங்களிலும் காற்றழுத்தம் வேறுபடும். அந்த வேறுபாடு படகைப் பக்கவாட்டிலும் முன்னோக்கியும் இழுக்கிறது. படகின் அடியில் செங்குத்தாக இறங்கியிருக்கும் பலகை பக்கவாட்டு நழுவலைத் தடுத்துவிடுவதால், மிஞ்சுவது முன்னோக்கிய இழுப்பு மட்டுமே. இப்படிச் சிறிது தூரம் இடப்புறம் சாய்ந்து சென்று, அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, காற்றின் குறுக்கே திருப்பி, பிறகு சிறிது தூரம் வலப்புறம் சாய்ந்து செல்லவேண்டும். மலைப்பாதையில் வண்டி வளைந்து வளைந்து ஏறுவதுபோல, படகும் காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து ஏறுகிறது.

பந்தயத் திடல் இதை வைத்தே அமைக்கப்படுகிறது. காற்று வரும் திசையில் தொலைவில் ஒரு மிதவை. காற்று போகும் திசையில் இன்னொரு மிதவை. இரண்டுக்கும் இடையே இத்தனை சுற்று என்று கணக்கு. மேல் மிதவையை நோக்கிப் போகும்போது ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய பாதையில் போகலாம். இடப்பக்கம் முழுவதும் போய்த் திரும்பலாம், வலப்பக்கம் போய்த் திரும்பலாம், நடுவில் அடிக்கடி திரும்பித் திரும்பியும் போகலாம். காற்று ஒருபோதும் ஒரே திசையில் நிலைத்து வீசுவதில்லை. ஐந்து பத்து பாகை இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவை முன்கூட்டியே உணர்ந்து, எந்தப் பக்கம் காற்று வலுக்கும் என்பதை நீரின் மேற்பரப்பில் படரும் கருமையை வைத்துப் படித்தறிபவருக்கு நூறு இருநூறு மீட்டர் இலவசமாகக் கிடைத்துவிடும். எயின்ஸ்லியைப் போன்றவர்கள் கடலைப் பார்க்கும் பார்வை நாம் பார்க்கும் பார்வை அன்று. உழவர் வானத்தைப் பார்ப்பதுபோல அவர்கள் நீரைப் பார்க்கிறார்கள்.

அவருக்கு அந்தப் பார்வை வாய்த்தது இளமையிலேயே. 1977 பிப்ரவரி 5 அன்று மக்கிள்ஸ்ஃபீல்டு என்ற உள்நாட்டு ஊரில் பிறந்தாலும், வளர்ந்தது கார்ன்வால் கடற்கரையில் ரெஸ்ட்ரோங்கெட் என்ற சிறிய இடத்தில். தந்தை ரோடி எயின்ஸ்லி, 1973–74இல் முதன்முறையாக நடந்த விட்பிரெட் உலகச் சுற்றுப் பந்தயத்தில் ஒரு படகுக்குத் தலைமை தாங்கியவர். எட்டு வயதில் மகன் கையில் கிடைத்தது ஆப்டிமிஸ்ட் எனப்படும் குழந்தைகள் படகு. இரண்டேகால் மீட்டர் நீளம்தான், பார்ப்பதற்கு மூக்கு வெட்டப்பட்ட பெட்டி போலிருக்கும். உலகின் மிகப் பெரும்பாலான படகு வீரர்கள் இதில்தான் தொடங்குகிறார்கள். பெரியவர்கள் யாரும் உடன் இருக்கமாட்டார்கள். சுக்கான் ஒரு கையில், பாய்க்கயிறு மறு கையில். தவறு செய்தால் படகு கவிழும், தாமே நிமிர்த்தவேண்டும். சிறுவயதில் இந்தத் தனிமைக்குப் பழகியவர்களே பின்னாளில் ஒற்றையாள் படகுகளில் சிறக்கிறார்கள் என்பது என் எண்ணம். எயின்ஸ்லியின் ஐந்து ஒலிம்பிக் பதக்கங்களும் ஒற்றையாள் படகுகளில் வந்தவையே.

இனித் தொடக்கக் கோட்டுக்கு வருவோம். ஓட்டப்பந்தய வீரர்கள் கோட்டில் அசையாமல் நிற்பார்கள். படகுகளால் அப்படி நிற்க முடியாது. ஐந்து நிமிடத்துக்கு முன் ஓர் ஒலி, நான்கு நிமிடத்துக்கு முன் ஓர் ஒலி, ஒரு நிமிடத்துக்கு முன் ஓர் ஒலி என எச்சரிக்கைகள் வரும். அதுவரை நாற்பது படகுகளும் கோட்டுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி வந்து, இறுதி ஒலி கேட்கும் அதே நொடியில் முழு வேகத்தில் கோட்டைக் கடக்கும்படி கணக்கிட்டு வரவேண்டும். ஒரு நொடி முந்தினால் திரும்பிச் சென்று மறுபடி தொடங்கவேண்டும். கறுப்புக் கொடி ஏற்றப்பட்டிருந்தால் அந்த வாய்ப்பும் இல்லை. கடைசி ஒரு நிமிடத்துக்குள் கோட்டைத் தாண்டியவர் அந்தப் பந்தயத்திலிருந்தே நீக்கப்படுவார்.

கடலில் நடுவர் ஊதல் ஊதி ஒவ்வொன்றையும் நிறுத்துவதில்லை. ஆகவே யார் யாருக்கு வழிவிடவேண்டும் என்பதற்குத் தெளிவான விதிகள் உண்டு. அவற்றில் முதன்மையானது இது: வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கிச் செல்லும் படகுக்கு, இடப்பக்கத்திலிருந்து காற்று வாங்கிச் செல்லும் படகு ஒதுங்கிக்கொள்ளவேண்டும். விதியை மீறியதாக உணர்ந்தவர் தாமாகவே இரண்டு முழு வட்டம் அடித்துத் தண்டனையை நிறைவேற்றிக்கொள்ளலாம். மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு வட்டம். ஏற்காவிட்டால் எதிராளி முறையீட்டுக்கான குரலெழுப்புவார், கரைக்கு வந்தபின் முறையீட்டுக் குழு இரு தரப்பையும் சாட்சிகளையும் விசாரித்துத் தீர்ப்பளிக்கும். மாலையில் அறைக்குள் நடக்கும் இந்த விசாரணையில் பகலில் கடலில் வென்ற இடம் பறிபோவதுண்டு.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளவேண்டும். ஒரு படகின் பாயைக் கடந்துவரும் காற்று கலங்கிப்போயிருக்கும். அதன் பின்னால் மாட்டிக்கொண்ட படகுக்கு வலுவில்லாத, சுழலும் காற்றே மிஞ்சும். எதிராளிக்கும் காற்றுக்கும் நடுவே தம் படகை நிறுத்தி, அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் தாமும் திரும்பி, அவரைத் தம் காற்று நிழலிலேயே அடைத்துவைப்பது விதிக்கு உட்பட்ட உத்தி. எயின்ஸ்லியின் பெயரைச் சொன்னால் படகுலகில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவதே இந்த உத்திதான்.

இப்போது கணக்கு. பாய்மரப் படகுப் போட்டி ஒரே பந்தயத்தில் முடிவதில்லை. ஒரு வாரம் பத்து பதினொரு பந்தயங்கள் நடக்கும். முதலில் வந்தால் 1 புள்ளி, இரண்டாவதாக வந்தால் 2, பதினேழாவதாக வந்தால் 17. தகுதிநீக்கம் செய்யப்பட்டாலோ முடிக்காவிட்டாலோ, பங்கேற்கும் படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி அத்தனை புள்ளி ஏறும். எல்லாவற்றையும் கூட்டினால் யாருக்குக் குறைவாக வருகிறதோ அவரே வெற்றியாளர். காற்றின் குறும்பால் ஒரு நாள் எவருக்கும் சறுக்கலாம் என்பதால், ஒவ்வொருவரும் தமது மிக மோசமான முடிவு ஒன்றைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். முடிவுப் பட்டியலில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் அதுதான். சில போட்டிகளில் இரண்டு முடிவுகளைக் கழிக்க இடமுண்டு. பந்தயம் பந்தயமாக முதலிடத்துக்குத் துடிப்பவரைவிட, இரண்டு, நான்கு, மூன்று, ஐந்து என்று சீராக வருபவரே வாரக் கடைசியில் மேலே நிற்பார். இந்தக் கழிப்பு எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதைப் பின்னால் பார்க்கப்போகிறோம்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா கடற்பகுதியில் நடந்தன. லேசர் என்ற படகு அந்த ஆண்டுதான் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. 4.23 மீட்டர் நீளம், ஏறக்குறைய 59 கிலோ எடை, ஏழு சதுர மீட்டர் பாய் ஒன்றே ஒன்று. ஒலிம்பிக்கில் இந்தப் படகை ஏற்பாட்டாளர்களே தருவார்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஆகவே படகின் மீது பழிபோட வழியில்லை. (இன்று ஐஎல்சிஏ 7 என்ற பெயரில் வழங்கும் இதே படகில்தான் நம் விஷ்ணு சரவணன் டோக்கியோவிலும் பாரிஸிலும் போட்டியிட்டார், சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டுவதும் இதே உடல், பாய் மட்டும் சற்றுச் சிறியது.) பத்தொன்பது வயது எயின்ஸ்லி கடைசிப் பந்தயம்வரை பிரேசிலின் ராபர்ட் ஷைட்டைத் துரத்தி வந்தார். ஷைட் புள்ளிகளில் முன்னிலையில் இருந்தார். கறுப்புக் கொடியின் கீழ் அந்தக் கடைசிப் பந்தயம் தொடங்கும் நேரத்தில் ஷைட் ஒலிக்கு முன்பே கோட்டைத் தாண்டினார். அவரைவிட்டுப் பிரியக்கூடாது என்று ஒட்டியே வந்த எயின்ஸ்லியும் தாண்டினார். இருவரும் நீக்கப்பட்டார்கள். இருவருக்கும் ஒரே தண்டனை கிடைத்ததால் முன்னிலை அப்படியே நின்றது: ஷைட்டுக்குத் தங்கம், எயின்ஸ்லிக்கு வெள்ளி. தமக்கு வெற்றி தேவையில்லை, எதிராளி வெல்லாமலிருந்தால் போதும் என்ற நிலையில் இருப்பவர் எப்படி விளையாடவேண்டும் என்பதை அன்று அந்த இளைஞர் தோற்றுக் கற்றுக்கொண்டார்.

நான்கு ஆண்டுகள் கழித்துச் சிட்னி. அதே இருவர், அதே படகு, மறுபடியும் கடைசிப் பந்தயம். அந்த ஒலிம்பிக்கில் பதினொரு பந்தயங்களில் இரண்டு முடிவுகளைக் கழிக்கலாம். ஷைட் முன்னிலையில் இருந்தார், எயின்ஸ்லி இரண்டாமிடம். ஷைட் சுமாரான இடத்தில் முடித்தாலே தங்கம் அவருக்கு. எயின்ஸ்லி தரப்பு கணக்குப் போட்டுப் பார்த்தது. ஷைட் மிகவும் பின்தங்கினால், அந்த மோசமான முடிவோ, ஏற்கெனவே அவர் கழித்துவைத்திருந்த இன்னொரு மோசமான முடிவோ, இரண்டில் ஒன்று அவர் கணக்கில் ஏறியே தீரும். எயின்ஸ்லி எவ்வளவு பின்தங்கினாலும் அவருக்கு அந்த அளவு நட்டம் இல்லை. ஆகவே அந்தப் பந்தயத்தில் எயின்ஸ்லி வெல்லவேண்டிய தேவையே இல்லை. ஷைட்டைக் கூட்டத்தின் கடைசிக்கு இழுத்துக்கொண்டு போனால் போதும்.

அதைத்தான் அவர் செய்தார். தொடக்க ஒலிக்கு முன்பிருந்தே ஷைட்டின் அணியத்துக்கு முன்னால் தம் படகை வைத்துக்கொண்டு, அவர் திரும்பும் திசையெல்லாம் தாமும் திரும்பினார். மற்ற நாற்பது படகுகளும் தத்தம் பந்தயத்தில் முன்னே சென்றுகொண்டிருக்க, பின்னால் இரண்டு படகுகள் மட்டும் வேறொரு பந்தயத்தை நடத்திக்கொண்டிருந்தன. ஷைட் விடுபட்டு வேகமெடுக்க முயன்றபோது இரு படகுகளும் மோதின. முறையீட்டில் ஷைட் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். கூட்டிப் பார்த்தபோது எயின்ஸ்லிக்கு 42, ஷைட்டுக்கு 44. இரண்டே புள்ளி. பிரேசிலில் எயின்ஸ்லி மீது பெருங்கோபம் எழுந்தது. இது விளையாட்டா என்று கேட்டவர்கள் அவர் நாட்டிலும் உண்டு. நான் இதை நியாயமான வெற்றி என்றே கருதுகிறேன். எதிராளியின் காற்றை மறைப்பது விதி அனுமதித்த செயல். அவருக்கும் அதே வாய்ப்பு இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டாவில் ஷைட் கையாண்டதும் இதே கணக்கின் வேறொரு வடிவம்தான். ஷைட் வீழ்ந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும்: 2004இல் மீண்டும் லேசரில் தங்கம் வென்று, மொத்தம் ஐந்து ஒலிம்பிக் பதக்கங்களோடு இந்த விளையாட்டின் மாபெரும் வீரர்களில் ஒருவராக அவர் நிலைத்தார்.

எயின்ஸ்லி லேசரை விட்டார். அவர் கண் ஃபின் மீது விழுந்தது. சுவீடன் நாட்டின் ரிக்கார்டு சார்பி 1949இல் வடிவமைத்து, 1952 முதல் ஒலிம்பிக்கில் இருந்துவந்த இந்தப் படகு நான்கரை மீட்டர் நீளமும், நூறு கிலோவுக்கு மேல் எடையும், பத்துச் சதுர மீட்டர் பாயும் கொண்டது. இதையும் ஓட்டுவது ஒருவர்தான். சிட்னியில் ஃபின் தங்கம் வென்ற பிரிட்டனின் இயன் பெர்சி வேறு படகுக்கு மாறியதால் அந்த இடம் காலியாக இருந்தது. ஆனால் உடல் இடங்கொடுக்கவேண்டும். பலத்த காற்றில் பாய் படகை ஒருபக்கம் கவிழ்க்கப் பார்க்கும். அப்போது வீரர் மறுபக்க விளிம்பில் உட்கார்ந்து, படகின் தரையில் கட்டியிருக்கும் வாரில் பாதங்களைச் செருகி, தொடைக்கு மேலே உடம்பு முழுவதையும் நீருக்கு மேல் வெளியே நீட்டிப் படகைச் சமன்செய்யவேண்டும். நாற்காலியின் நுனியில் அமர்ந்து, கட்டிலுக்கடியில் கால்களை மாட்டிக்கொண்டு, முதுகைத் தரைக்கு இணையாகப் பின்னால் சாய்த்து ஒரு நிமிடம் இருந்து பாருங்கள். தொடைகள் நடுங்கத் தொடங்கிவிடும். அதை முகத்தில் உப்புநீர் அறைய, ஒரு மணிநேரம், ஒரு நாளில் இரண்டு முறை செய்யவேண்டும். வீரரின் எடையே இங்கே எதிர்ப்பாரம். லேசருக்கு எண்பது கிலோ உடம்பு போதும், ஃபினுக்குப் போதாது. எயின்ஸ்லி தம் எடையைக் கணிசமாகக் கூட்டினார், அதுவும் தசையாக. பிறகு 2002 முதல் 2005 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் ஃபின் உலகப் பட்டத்தை வென்றார்.

ஏதென்ஸ் 2004இன் முதல் நாளிலேயே அடி விழுந்தது. இரண்டாவது பந்தயத்தில் நல்ல இடத்தில் முடித்திருந்தும், பிரெஞ்சு வீரர் கியோம் ஃப்ளோரன் கொடுத்த முறையீட்டில், குறுக்கே கடந்தபோது வழிவிடவில்லை என்று தீர்ப்பாகி எயின்ஸ்லி தகுதிநீக்கம் செய்யப்பட்டார். கடைசி இடத்தைவிட ஒரு புள்ளி அதிகம் அவர் கணக்கில் ஏறியது. இங்கேதான் கழிப்பின் அருமை தெரிகிறது. அந்தப் பெரிய எண்ணை அவர் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடலாம். ஆனால் இருந்த ஒரே கழிப்பும் முதல் நாளிலேயே செலவாகிவிட்டது. மீதமிருந்த ஒன்பது பந்தயங்களிலும் சறுக்கவே கூடாது. அவர் சறுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஏறி ஏறி வந்து, கடைசிப் பந்தயத்துக்குப் போகும்போது தங்கம் ஏறக்குறைய கைக்குள் இருந்தது. அவருடைய நான்கு தங்கங்களில் படகோட்டும் திறமைக்கு மட்டுமே கிடைத்தது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

2008இல் ஒரு புதிய விதி வந்தது. ஒரு வாரப் பந்தயங்களின் முடிவில் முதல் பத்து இடங்களில் இருப்பவர்கள் மட்டும் பதக்கப் பந்தயம் எனப்படும் இறுதிப் பந்தயத்தில் கலந்துகொள்வார்கள். அதில் புள்ளிகள் இரட்டிப்பு, அந்த முடிவைக் கழிக்கவும் முடியாது. சீனாவின் சிங்தாவோவில் அந்தப் பந்தயத்துக்குப் போகும்போது எயின்ஸ்லி, அமெரிக்காவின் ஸாக் ரெய்லியைவிட 12 புள்ளி முன்னிலையில் இருந்தார். இரட்டிப்புப் புள்ளியில் 12 என்பது ஆறு இடம். ரெய்லி அவரை ஆறு இடமாவது முந்தினால்தான் ஆபத்து. காற்றே இல்லாத முதல் நாளில் அவர் சிட்னிப் பாணியில் ரெய்லியை மறைத்துக்கொண்டு பின்னால் கிடந்தார். காற்று செத்துப் பந்தயம் கைவிடப்பட்டது. மறுநாள் பலத்த காற்று. மறைக்கவேண்டிய வேலையே இல்லாமல் முதலாவதாக வந்தே தங்கத்தை எடுத்துக்கொண்டார்.

லண்டனுக்கு முந்தைய ஆண்டு நடந்ததை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. 2011 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் நடந்த உலகப் போட்டியில், படம்பிடிக்க வந்த விசைப்படகின் அலை தம் ஓட்டத்தைக் கெடுத்தது என்று சினந்த எயின்ஸ்லி, பந்தயம் முடிந்ததும் தம் படகிலிருந்து அந்தப் படகுக்குத் தாவி ஏறி, அதிலிருந்தவரிடம் மோதிவிட்டு, கடலில் குதித்து நீந்தித் தம் படகுக்குத் திரும்பினார். ஒழுங்கீனத்துக்காக இரண்டு பந்தயங்களிலிருந்து தகுதிநீக்கம் செய்யப்பட்டார். உலகப் பட்ட வாய்ப்பு அதோடு போயிற்று. கடலில் அவ்வளவு குளிர்ச்சியாகக் கணக்குப் போடும் மனிதருக்குள் இப்படியொரு நெருப்பும் இருந்தது. அதற்கான விலையையும் புள்ளிகளாகவே அவர் கட்டினார்.

இப்போது வேமத்துக்குத் திரும்பலாம். ஒரு நாட்டுக்கு ஒரு வகையில் ஒரே படகுதான் அனுமதி என்பதால், அந்த இடத்துக்கு வர எயின்ஸ்லி தம் நாட்டின் கைல்ஸ் ஸ்காட்டை விலக்கவேண்டியிருந்தது. அந்த ஸ்காட்தான் பின்னர் 2016இலும் டோக்கியோவிலும் ஃபின் தங்கத்தை வென்றவர். போட்டி தொடங்கியபின் முதல் ஆறு பந்தயங்களிலும் ஹோக்-கிறிஸ்டென்சன் எயின்ஸ்லிக்கு முன்னால்தான் முடித்தார். வார நடுவில் இன்னொரு சம்பவம். எயின்ஸ்லி மிதவையைத் தொட்டுவிட்டதாக டேனிஷ் வீரரும் டச்சு வீரர் பீட்டர்-யான் போஸ்ட்மாவும் குரல் எழுப்பினார்கள். தொடவில்லை என்று நம்பியபோதும், முறையீட்டில் தகுதிநீக்கத்துக்கு ஆளாவதைவிட மேல் என்று ஒரு வட்டம் அடித்து வந்தார். கரையேறியதும் தம்மைக் கோபப்படுத்தியது அவர்கள் செய்த தவறு என்று வெளிப்படையாகவே சொன்னார். அதன்பின் இடைவெளி குறையத் தொடங்கியது.

பதக்கப் பந்தயத்துக்கு முன் டேனிஷ் வீரருக்கு 26 புள்ளி, எயின்ஸ்லிக்கு 28. இரட்டிப்புப் புள்ளியில் இரண்டு என்பது ஓர் இடம். எயின்ஸ்லி அவரைவிட ஓர் இடம் முன்னால் முடித்தால் இருவரும் சமம். சமமானால் பதக்கப் பந்தயத்தில் யார் முன்னால் வந்தாரோ அவருக்கே வெற்றி என்பது விதி. ஆக எயின்ஸ்லிக்குத் தேவையானது ஒரே ஒரு மனிதருக்கு முன்னால் இருப்பது. மறுபடியும் சிட்னி. அவர் ஹோக்-கிறிஸ்டென்சனைத் தம் காற்று நிழலில் வைத்துக்கொண்டார்; இருவரும் சேர்ந்து கடைசிக்கு நழுவினார்கள்.

ஆனால் இந்த முறை மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார். இருவரும் பின்னால் கட்டிப் புரண்டுகொண்டிருக்க, போஸ்ட்மா முன்னணியில் போய்க்கொண்டிருந்தார். அவர் இன்னும் ஓரிடம் முன்னேறிவிட்டால் தங்கமே அவருக்குப் போய்விடும் நிலை. எயின்ஸ்லியால் இரண்டு பேரை ஒரே நேரத்தில் மறைக்க முடியாது. கடைசிச் சுற்றில் பின்காற்றில் இறங்கி வரும்போது, நியூசிலாந்துப் படகை முந்தும் முயற்சியில் போஸ்ட்மாவின் படகு அதைத் தொட்டுவிட்டது. தொட்டதற்கான தண்டனை வட்டத்தை அடித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் அவரைக் கடந்துபோனார்கள். பின்னால் எயின்ஸ்லி ஒன்பதாவதாகவும், ஹோக்-கிறிஸ்டென்சன் பத்தாவதாகவும் கோட்டைக் கடந்தார்கள். 28உம் 18உம் 46. 26உம் 20உம் 46. இரண்டும் சமம்; பதக்கப் பந்தயத்தில் முன்னால் வந்தவர் எயின்ஸ்லி. முதலில் வந்த லோபேருக்கு மொத்தம் 49. போஸ்ட்மா பதக்கமின்றிக் கரையேறினார். 1948 முதல் 1960 வரை தொடர்ந்து நான்கு தங்கம் வென்று அரை நூற்றாண்டாக உச்சத்தில் இருந்தவர் டென்மார்க்கின் பால் எல்வ்ஸ்ட்ரோம். அவருடைய சாதனையை, இன்னொரு டேனிஷ் வீரரைத் தோற்கடித்து எயின்ஸ்லி தாண்டினார்.

ஒலிம்பிக்கை அதோடு நிறுத்திக்கொண்டு அவர் அமெரிக்கக் கோப்பைக்குப் போனார். இது முற்றிலும் வேறொரு உலகம். ஒற்றையாள் படகு இல்லை, நாற்பது படகுக் கூட்டம் இல்லை, கழிப்பு இல்லை. இரண்டே படகுகள் நேருக்கு நேர் மோதும். 1851இல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் ‘அமெரிக்கா’ என்ற கப்பல் வென்று எடுத்துச் சென்ற கோப்பை அது. 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் பயன்படுத்தப்பட்ட 72 அடி இரட்டை உடல் படகுகள், நீருக்கடியிலுள்ள இறக்கைகளின் மீது எழும்பி, உடல் நீரைத் தொடாமலே மணிக்கு 70 கிலோமீட்டருக்கும் மேல் பறந்தன. அவை ஆபத்தானவையும்கூட. அந்த ஆண்டு மே மாதம் பயிற்சியின்போது வேறோர் அணியின் படகு கவிழ்ந்து, எயின்ஸ்லியின் இளமைக்கால நண்பரும் ஒலிம்பிக் தங்கம் வென்றவருமான ஆண்ட்ரூ சிம்ப்சன் உயிரிழந்தார். நண்பரின் பெயரால் தொடங்கப்பட்ட அறக்கட்டளை இன்றும் இளையோரைப் படகில் ஏற்றிவருகிறது.

எயின்ஸ்லி சேர்ந்தது, அப்போது கோப்பையை வைத்திருந்த அமெரிக்காவின் ஆரக்கிள் அணியில். அங்கே அவருக்கு முதலில் பந்தயப் படகில் இடமில்லை. பயிற்சிப் படகில்தான் இருந்தார். ஐந்து பந்தயங்களுக்குப் பின், தோற்றுக்கொண்டிருந்த அணி உத்தியாளரை மாற்றி அவரை ஏற்றியது. எந்தப் பக்கம் காற்று வலுக்கிறது, எப்போது திரும்புவது, எதிராளியை எங்கே மறிப்பது என்று தலைவர் ஜிம்மி ஸ்பிட்ஹிலின் காதில் சொல்லிக்கொண்டே இருப்பது அவர் வேலை. ஆப்டிமிஸ்டில் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டதை இப்போது பதினொரு பேருக்காக உரக்கச் சொன்னார். நியூசிலாந்து அணி ஒரு கட்டத்தில் 8–1 என முன்னிலை பெற்று, இன்னும் ஒரே ஒரு வெற்றியை எதிர்நோக்கி நின்றது. அதன்பின் ஒரு பந்தயத்தைக்கூட அது வெல்லவில்லை. தொடர்ந்து எட்டு வெற்றிகளோடு 9–8 என்று கோப்பை ஆரக்கிளிடமே தங்கியது. படகைச் சீர்செய்த பொறியாளர்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. எயின்ஸ்லி தனியாளாக நிகழ்த்திய அற்புதம் என்று இதைச் சொல்வது மிகை.

2014இல் அவர் பிரிட்டனுக்காகத் தமது அணியைத் தொடங்கினார். பத்தாண்டுகள் கழித்து, 2024இல் பார்சிலோனாவில், இத்தாலியின் லூனா ரோசாவை 7–4 என்று வென்று கோப்பைக்கான நேரடிப் போட்டிக்கு அந்த அணி தகுதி பெற்றது. 1964க்குப் பின் ஒரு பிரிட்டிஷ் அணி அந்த இடத்தை எட்டியது அதுவே முதன்முறை. நியூசிலாந்து 7–2 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது.

டோக்கியோவோடு ஃபின் படகும் ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றுவிட்டது. எயின்ஸ்லி தம் படகுகளுக்கெல்லாம் ‘ரீட்டா’ என்றே பெயர் வைப்பார். வேமத்தில் ஒன்பதாவதாக வந்த அந்த ரீட்டா, அவர் படகோட்டக் கற்ற ரெஸ்ட்ரோங்கெட்டுக்கு அருகே, ஃபால்மத் ஊரின் கடல்சார் அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டது.